பெரிய இயந்திரத்தைப் பார்த்தாயிற்று, கிரிப்பைப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் பொது வரவேற்பு நாளில் பொறியியல் கட்டடத்துக்குப் போகும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பொருள் சோதனைக்கூடத்துக்கும் அழைத்துப்போவது வழக்கம். இரண்டு ஆள் உயரத்தில் ஓர் இழுவிசை இயந்திரம் நிற்கும். வழிகாட்டும் மாணவர் ஓர் எஃகுத் துண்டை மாட்டி இழுப்பார். திரையில் ஒரு கோடு ஏறும், வளையும், ‘டப்’ என்ற சத்தத்தோடு துண்டு அறும். வந்தவர்கள் கைதட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

பொருள் சோதனை வேலை தெரிந்த சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் கூடத்தின் தரத்தில் பாதிகூட அந்தப் பெரிய இயந்திரத்தில் இல்லை. மிச்சமெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்களிலும், ஏர்கானிலும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமும் இருக்கிறது. இயந்திரம் வாங்கப் பணம் கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். மூன்றாம் ஆண்டு, துண்டைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பில் தேய்ந்துபோன தாடைக்கு மாற்று வாங்கத்தான் கை சுருங்குகிறது.

முதலில் அந்த இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் என்பதை யூடிஎம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். கற்பிக்கும் கூடங்களில் 50 அல்லது 100 கிலோநியூட்டன் இயந்திரம் அதிகம். 100 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 10 டன் எடை, கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுமானத் தளத்தில் பயன்படும் 20 மி.மீ. முறுக்குக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 314 சதுர மி.மீ. அது 600 மெகாபாஸ்கலில், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 600 நியூட்டனில், அறுவதாக வைத்தால் 188 கிலோநியூட்டன் வேண்டும். 32 மி.மீ. கம்பிக்கு 480ஐத் தாண்டும், 40 மி.மீ. கம்பிக்கு 750ஐத் தாண்டும். ஆக, 100 கிலோநியூட்டன் இயந்திரத்தில் 13 மி.மீ. கம்பி வரைதான் தைரியமாக இழுக்கலாம். கட்டடப் பொறியியல் படிக்கும் பிள்ளை தன் வாழ்நாள் முழுக்கக் கையாளப்போகும் கம்பியை அறுத்துப் பார்க்க வேண்டுமானால் 1,000 கிலோநியூட்டன் இயந்திரம் ஒன்று எங்காவது இருக்க வேண்டும். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, “யூடிஎம் இருக்கிறதா?” என்பதாக இருக்கக்கூடாது. “எத்தனை கிலோநியூட்டன், அதில் மாட்ட என்னென்ன கிரிப் இருக்கின்றன?” என்று கேளுங்கள்.

கிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். கோளாறில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

எஃகுக்குப் பயன்படும் ஆப்பு வகைக் கிரிப்பில், இழுக்க இழுக்கத் தாடைகள் இன்னும் இறுகிக்கொள்ளும். தட்டைத் துண்டுக்குத் தட்டைத் தாடை, உருளைக் கம்பிக்கு ‘வி’ பள்ளத் தாடை. ஒவ்வொரு தாடைக்கும் இத்தனை மி.மீ. முதல் இத்தனை மி.மீ. வரை என்று ஒரு வரம்பு உண்டு, அது தாடையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வரம்பு மீறிய கம்பியை மாட்டினால் பள்ளத்தின் விளிம்பு மட்டும் கடிக்கும், தாடை விரிசல் விடும். துண்டின் நுனியை மட்டும் பிடித்தாலும் இதே கதிதான். தாடை நீளத்தில் குறைந்தது முக்கால் பங்குக்காவது துண்டு உள்ளே போயிருக்க வேண்டும்.

கம்பியின் மேலிருக்கும் கறுப்புச் செதில் ஒவ்வொரு சோதனையிலும் உதிர்ந்து தாடைப் பற்களுக்கிடையில் அடையும். நாலைந்து துண்டுகளுக்கு ஒருமுறை கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்காவிட்டால் பல் இருந்தும் கடிக்காது. துண்டு வழுக்கும். வரைபடத்தில் அது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். விவரம் தெரியாத மாணவர் அதைப் பொருளின் நெகிழ்வு (நிரந்தரமாக நீளத் தொடங்குவது) என்று அறிக்கையில் எழுதிவிடுவார். தாடையின் முதுகுப் பக்கம் வழுக்கிப் போக வேண்டும், அதற்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் பூச வேண்டும். பற்கள் இருக்கும் முகமோ உலர்ந்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு இரண்டு பக்கமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவர்களால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. முதுகில் துருப் பிடித்தால் ஒரு தாடை முந்தி இறங்கும், மற்றது தங்கும். துண்டு சாய்ந்து நிற்கும், இழுவிசையோடு வளைவிசையும் சேர்ந்துவிடும். மென் எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பும் பீங்கானும் பொறுக்காமல் குறைந்த விசையிலேயே ஒடிந்துவிடும்.

இந்தத் தாடை ஜோடிகள் நுகர்பொருள்கள். காரின் டயர் மாதிரி. டயர் மாற்றப் பணம் ஒதுக்காமல் கார் வாங்குபவரை நாம் என்ன சொல்வோம்?

அடுத்தது எக்ஸ்டென்சோமீட்டர். துண்டு எவ்வளவு நீள்கிறது என்பதைத் துண்டின் மேலேயே அமர்ந்து அளக்கும் சிறு கருவி. இது இல்லாமலும் இயந்திரம் ஒரு நீட்சியைக் காட்டும். அது மேலே நகரும் குறுக்குச் சட்டத்தின் நகர்வு. அதை வைத்து மாணவர்கள் பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகத்தைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மி.மீ. விட்டம், 50 மி.மீ. அளவுநீளம் (நீட்சி அளக்கும் பகுதியின் நீளம்) உள்ள எஃகுத் துண்டை 20 கிலோநியூட்டனில் இழுக்கிறோம். எஃகின் குணகம் 200 கிகாபாஸ்கல் என்பதால் துண்டு உண்மையில் 0.064 மி.மீ. நீளும். சட்டகம், கிரிப், ஊசிகள் எல்லாம் சேர்ந்த விறைப்பு ஒரு மி.மீ.க்கு 50 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அவை மட்டும் 0.4 மி.மீ. விட்டுக்கொடுக்கும். குறுக்குச் சட்டம் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகை. அதிலிருந்து வரும் குணகம் 27 கிகாபாஸ்கல். எஃகு மரமாகிப்போகும். மாணவர் கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை தேடிக்கொண்டிருப்பார், பிழை அங்கே இருக்காது.

எக்ஸ்டென்சோமீட்டர் இருந்தாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அளவுநீளத்தைப் பூட்டி வைக்கும் சிறு ஊசி ஒன்று அதில் உண்டு. துண்டில் மாட்டியபின் அதைக் கழற்ற மறந்து இழுத்தால், ஒன்று வரைபடம் செங்குத்தாக ஏறும், அல்லது கருவி உடையும். இன்னொன்று, நெகிழ்வுப் புள்ளி தாண்டி 2 அல்லது 3 விழுக்காடு திரிபு (அளவுநீளத்தில் அத்தனை விழுக்காடு நீட்சி) வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி அதைக் கழற்றிவிட வேண்டும். அறும்வரை விட்டுவைத்தால் அந்த அதிர்ச்சி, துண்டைத் தொட்டு நிற்கும் கத்திமுனையை மழுக்கிவிடும். மழுங்கிய முனை அடுத்த துண்டில் நழுவும், யாருக்கும் தெரியாது. இப்போது கேமராவால் அளக்கும் வகையும் வந்துவிட்டது. அறும்வரை அளக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் ஏர்கான் காற்று நேராகத் துண்டின் மேல் அடித்தாலோ, சன்னல் வெளிச்சம் மாறிமாறி விழுந்தாலோ அதன் அளவு நடுங்கும். கருவி வாங்கும்போதே திரைச்சீலையும் வாங்குங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

லோடு செல் விஷயத்துக்கு வருவோம். விசையை அளக்கும் உறுப்பு அது. 100 கிலோநியூட்டன் லோடு செல் மாட்டிய இயந்திரத்தில் பிளாஸ்டிக் துண்டை இழுக்கும் காட்சி சாதாரணமாகக் கிடைக்கும். 10 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள துண்டு 50 மெகாபாஸ்கலில் அறுந்தால் விசை 2 கிலோநியூட்டன்தான், அதாவது செல்லின் கொள்ளளவில் 2 விழுக்காடு. கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழை எடுத்து, அது எந்த விசையிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். 20 விழுக்காட்டிலிருந்து மேலே மட்டும் சரிபார்த்திருந்தால், 20 கிலோநியூட்டனுக்குக் கீழே திரையில் தெரியும் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது இது. பிளாஸ்டிக்குக்கு 5 கிலோநியூட்டன் செல், மெல்லிய படலத்துக்கு 100 நியூட்டன் செல் என்று தனித்தனியாக வேண்டும்.

சின்னச் செல்லை வாங்கினால் அதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். மாணவர் கூடத்தில் செல் சாவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். குறுக்குச் சட்டத்தை வேகமாக இறக்கும்போது மேல் கிரிப் கீழ்க் கிரிப்பில் முட்டிவிடும். சட்டத்தின் பக்கவாட்டுத் தண்டில் நகர்த்தி வைக்கும் இரண்டு தடைக் கட்டைகள் இருக்கின்றன. கிரிப்பை மாட்டியவுடன், துண்டை எடுப்பதற்கு முன்னால், அவற்றை வைத்துத் திருகிவிட்டால் முட்டாது. இருபது விநாடி வேலை. துண்டு நீளம் மாறும்போதெல்லாம் திரும்பவும் செய்ய வேண்டும், அங்கேதான் சோம்பல் வருகிறது.

கேலிபரேஷனுக்கு ஐஎஸ்ஓ 7500-1 என்ற தர ஆவணம் இருக்கிறது. அதில் வகுப்பு 1 என்றால் விசைப் பிழை 1 விழுக்காட்டுக்குள், வகுப்பு 0.5 என்றால் அரை விழுக்காட்டுக்குள். 12 மாதங்களுக்கு ஒருமுறை செய்வது நல்லது. இயந்திரத்தைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்தினால் தேதி பார்க்காமல் உடனே செய்ய வேண்டும். வளாகத்தில் கட்டடம் மாறும்போது இதை மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் வணிகச் சோதனைக்கூடங்கள் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின்படி சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் ஆய்வகத் திட்டத்தில் அங்கீகாரம் பெறுகின்றன. ஆய்வாளர்கள் வந்து ஒவ்வொரு கருவியின் வரலாற்றுத் தாளையும் புரட்டுவார்கள். கற்பிக்கும் கூடத்துக்கு அந்த அங்கீகாரம் தேவையில்லை, அதன் பழக்கங்கள் தேவை. ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் ஓர் அட்டை தொங்கட்டும். அதில் கொள்ளளவு, வகுப்பு, சரிபார்த்த விசை வரம்பு, கடைசித் தேதி, அடுத்த தேதி ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். அட்டை இல்லாத கூடத்தில் கேள்வி கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லை. இங்கே காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. பிளாஸ்டிக் சோதனைக்கு அறை 23 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 விழுக்காடு என்று தர ஆவணங்கள் கேட்கின்றன. நைலான் ஈரத்தைக் குடிக்கும் பொருள். உலர்ந்த நைலானையும் சிலநாள் வெளியில் கிடந்த நைலானையும் இழுத்தால் இரண்டும் இரு வேறு பொருள்கள் போலத் தெரியும். விறைப்பு பாதியாகக் குறைந்துகூடப் போகலாம். அதனால் சோதனைக்கு முன் குறைந்தது 40 மணி நேரம் துண்டுகளைக் கட்டுப்பாடான அறையில் அல்லது பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க இரவில் ஏர்கானை நிறுத்தினால் அந்த 40 மணி நேரம் கணக்கில் வராது. அதைவிட மோசம், இரவு முழுக்க அறைக்குள் ஈரக் காற்று நிறையும். காலையில் ஏர்கான் ஓடத் தொடங்கியதும் குளிர்காற்று வாய்க்கு எதிரே இருக்கும் இரும்பு முதலில் குளிரும், அதன் மேல் ஈரம் படியும். தாடையின் முதுகு, அமுக்கும் தட்டைத் தாங்கும் பந்து இருக்கை, வழிகாட்டித் தண்டு எல்லாம் மெல்ல மெல்லப் பழுப்பாகும். எலெக்ட்ரானிக்ஸ் சூடாகும் வரை லோடு செல்லின் பூச்சியமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரமாவது சூடேறவிட்டுப் பூச்சியம் பார்க்க வேண்டும். வளாகம் முழுவதற்கும் ஒரே ஏர்கான் நேரம் என்ற விதியிலிருந்து சோதனைக்கூடத்துக்கு விலக்கு கொடுங்கள். அது முடியாது என்றால், அறைக்கு ஒரு தனி ஈரநீக்கியாவது வைத்து, அதன் தொட்டி நிறைந்தால் தானாக வடியக் குழாய் போடுங்கள். குழாய் போடாத ஈரநீக்கி, தொட்டி நிறைந்ததும் தன்னை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும். வார இறுதியில் வந்து வாளி கொட்ட ஆள் இல்லை.

களைப்புச் சோதனை இயந்திரத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரே விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, எத்தனையாவது சுற்றில் துண்டு விரிசல் விடுகிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. விநாடிக்கு 10 சுற்று வேகத்தில் 1 கோடி சுற்று ஓட 10 லட்சம் விநாடி, அதாவது பதினொன்றரை நாள். வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளி! இயந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெயைக் குளிர்விக்கும் தண்ணீர் கட்டடத்தின் பொதுக் குளிர்நீர்க் குழாயிலிருந்து வந்தால், அந்த அமைப்பு இரவில் நிற்கும்போது எண்ணெய் சூடேறும், பாதுகாப்பு சுவிட்ச் பம்பை நிறுத்திவிடும். எட்டாம் நாள் காலையில் மாணவர் வந்து பார்த்தால் இயந்திரம் நின்றிருக்கும். நடுவில் நின்ற சோதனையைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்ற விவாதத்தில் அரைநாள் போகும். இயந்திரத்துக்கென்று தனிக் குளிர்விப்பான் கேட்பது ஆடம்பரமில்லை.

கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்க வார்க்கும் கியூபை அமுக்கும் இயந்திரம் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 150 மி.மீ. கியூபின் முகப் பரப்பு 22,500 சதுர மி.மீ. 40 மெகாபாஸ்கல் கான்கிரீட்டை உடைக்க 900 கிலோநியூட்டன் வேண்டும். 2,000 கிலோநியூட்டன் இயந்திரம் இருந்தால் 88 மெகாபாஸ்கல் வரைதான், அதற்கு மேற்பட்ட வலுவுள்ள கான்கிரீட்டுக்கு 100 மி.மீ. கியூபுக்கு மாற வேண்டும், அல்லது 3,000 கிலோநியூட்டன் இயந்திரம் வேண்டும். விசையை ஏற்றும் வேகம் விநாடிக்கு 0.6 மெகாபாஸ்கல். 150 மி.மீ. கியூபுக்கு அது விநாடிக்கு 13.5 கிலோநியூட்டன். அப்படியானால் 40 மெகாபாஸ்கல் கியூப் உடைய 67 விநாடி ஆகும். இருபது விநாடியில் உடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் உடைத்த கியூபுகள் வலுவாக இருப்பதன் ரகசியம் இதுதான் என்று துறையில் ஒரு கேலிப் பேச்சு உண்டு.

உடைந்த கியூபின் வடிவம் பேசும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி இரண்டு கூம்புகள் முனையோடு முனை நின்றால் சோதனை சரி. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் விசை ஓரமாக விழுந்திருக்கிறது. காரணங்கள் பல: கியூபை நடுவில் வைக்கவில்லை, தட்டில் முந்தைய கியூபின் மணல் துகள் கிடந்தது, கரணையால் தேய்த்த முகத்தைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலே வைத்தார்கள், அல்லது மேல்தட்டின் பந்து இருக்கை இறுகிக் கிடக்கிறது. பந்து இருக்கை தொடக்கத்தில் சற்று அசைந்து கியூபின் முகத்தோடு படிய வேண்டும், விசை ஏறியதும் அசையாமல் நிற்க வேண்டும். இதற்குச் சாதாரண மோட்டார் எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும். உயர் அழுத்தக் கிரீஸ் போட்டால் விசைக்கடியிலும் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். கிரிப்பின் முதுகுக்குக் கிரீஸ், பந்து இருக்கைக்கு எண்ணெய். மாற்றிப் போட்டால் இரண்டு இயந்திரமும் கெடும்.

கியூபைப் பதப்படுத்தும் தண்ணீர்த் தொட்டிக்கு ஐரோப்பியத் தர ஆவணம் 20 டிகிரி கேட்கிறது. குளிர்நாட்டில் அந்தத் தொட்டிக்குச் சூடேற்றி வேண்டும், இங்கே குளிர்விப்பான் வேண்டும். விற்பனைப் பட்டியலைப் பார்த்துச் சூடேற்றி மட்டும் உள்ள தொட்டியை வாங்கி வைத்தால் அது வெறும் தொட்டிதான்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி ரயில் பாதைக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். பள்ளச் சுவரைத் தாங்கிய எஃகு உதைகால்கள் குறுக்கு விட்டத்தோடு சேரும் இடத்தில், விறைப்புத் தகடுகளுக்குப் பதிலாக ‘சி’ வடிவச் சட்டங்களை வைத்திருந்தார்கள். அந்த இணைப்பு உச்ச விசையைத் தொட்டபின் விட்டுக்கொடுத்து நிற்காமல் சட்டென்று வலுவிழக்கும் தன்மை கொண்டது. பொருள் சோதனை படிக்கும் பிள்ளைக்கு இதில் பாடம் இருக்கிறது. வரைபடத்தின் உச்சி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் பாதிதான் தெரியும், உச்சிக்குப்பின் கோடு எப்படி இறங்குகிறது என்பது மறுபாதி. ஆனால் விசையை மட்டும் கட்டுப்படுத்தும் கியூப் இயந்திரத்தில் அந்த மறுபாதியைப் பார்க்கவே முடியாது. உச்சி தாண்டியதும் சட்டகத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுதும் ஒரே நொடியில் கியூப் மேல் இறங்கிச் சிதறடித்துவிடும். விறைப்பான சட்டகமும், நகர்வைக் கட்டுப்படுத்தும் வசதியும் வேண்டும். பட்டியலில் ‘நகர்வுக் கட்டுப்பாடு’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் விலை ஏறும். அந்த வரியை வெட்டாதீர்கள்.

எல்லா விபத்தையும் சோதனைக்கூடம் தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. 1986 மார்ச் 15இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டதற்கு, கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டது முக்கியக் காரணம். அதை எந்த யூடிஎம்மும் கண்டுபிடித்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஊசலால் ஒரே அடியில் துண்டை உடைத்துப் பார்க்கும் சார்பி மோதல் சோதனையில் 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு ‘வி’ வெட்டு. அந்த வெட்டின் அடி ஆரம் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். வெட்டும் கருவி மழுங்கினால் ஆரம் கூடும், எஃகு உண்மையைவிடக் கெட்டியாகத் தெரியும். குளிர்த் தொட்டியிலிருந்து எடுத்த துண்டை 5 விநாடிக்குள் அடிக்க வேண்டும். இடுக்கியையும் அதே தொட்டியில் குளிரவிட வேண்டும் என்பதைப் பலர் மறப்பார்கள். ஊசல் ஆடும் பாதையைச் சுற்றிக் கூண்டும், கூண்டுக் கதவு திறந்திருந்தால் ஊசல் விடுபடாத பூட்டும் இல்லாத சார்பி இயந்திரத்தின் அருகே எந்த மாணவரையும் விடக்கூடாது. பொருளைக் குத்திப் பள்ளத்தை அளக்கும் கடினத்தன்மை இயந்திரத்தில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பள்ளத்தின் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி விடுங்கள். இயந்திரத்தைச் சரிபார்க்கும் அளவுக் கட்டியின் ஒரு முகத்தை மட்டும் பயன்படுத்துங்கள், திருப்பிப் போட்டு மறுமுகத்திலும் குத்தினால் கட்டி வீண்.

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக உலோகத்தை மெருகேற்றும் அறை சின்னதாக இருக்கும், ஒழுங்கு அதிகம் வேண்டிய இடம் அதுதான். 240, 400, 600, 1200 எண் தாள்களில் தேய்த்து, பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரத் துணியில் மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் துண்டையும் கையையும் கழுவ வேண்டும். 240 தாளின் ஒரு துகள் 1 மைக்ரான் துணியில் ஏறினால் அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். துணிகளைத் தூசி படாமல் மூடிப் பூட்டிவைக்கும் இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஈரக் காற்றில் மெருகேற்றிய எஃகு சில மணி நேரத்தில் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும். ஆல்கஹாலில் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய கலத்தில் வையுங்கள். எஃகை அரிக்கப் பயன்படும் நைட்டாலில் எத்தனாலோடு 2 விழுக்காடு நைட்ரிக் அமிலம் இருக்கும். அதை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குவது நல்லது. இறுக மூடிய புட்டியில் வைத்தால் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். மிச்சத்தை அசிட்டோன் கழிவுக் கலத்தில் ஊற்றினால் வெடிக்கவும் கூடும். டைட்டானியத்துக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கரைசல் பயன்படுத்தும் அறையில், அந்த அமிலம் தோலில் பட்டால் பூசும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். களிம்பு இல்லையென்றால் அந்தப் புட்டியைத் திறக்கக்கூடாது. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. பல்கலைக்கழகக் கூடமும் அதில் அடக்கம்.

மேலே சொன்ன எதுவும் தானாக நடக்காது. தூரிகை பிடிக்க, கிரீஸ் மாற்ற, ஊசியைக் கழற்றச் சொல்லி நினைவூட்ட, களிம்பின் தேதி பார்க்க ஒருவர் வேண்டும். சோதனைக்கூடத் தொழில்நுட்பரின் வேலை அதுதான். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், இருக்கும் ஒருவரிடம் இன்னொரு தளத்தையும் சேர்த்துக் கொடுப்பது சிக்கனமாகத் தெரியலாம். அதன் பலன் முதலில் வகுப்பில் தெரியும். ஒருவரால் நாற்பது மாணவரைக் கண்காணிக்க முடியாது என்பதால் மாணவர்கள் தொடாமல் நின்று பார்க்கும் செயல்விளக்கமாகப் பாடம் மாறிவிடும். கடைசியில் காணொளியாகிவிடும். இன்றைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான நன்யாங் தொழில்நுட்பக் கழகத்தை 1981இல் தொடங்கியதே நடைமுறை தெரிந்த பொறியாளர்கள் வேண்டும் என்றுதான். தாடையைத் தானே மாற்றிப் பார்க்காதவர் நாளை தளத்தில் ஒரு சோதனை அறிக்கையைக் கையில் வாங்கி எதைச் சந்தேகிப்பார்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஒவ்வோர் இயந்திரம் வாங்கும்போதும் அதன் ஆயுள் முழுமைக்குமான தாடை, செல், கேலிபரேஷன், எண்ணெய், தொழில்நுட்பர் நேரம் ஆகியவற்றின் செலவையும் அதே தாளில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் ‘பின்னால்’ வராது.

இரண்டாவது, நம் சமூகத்தைத் தொட்டது. இத்தீவின் கட்டுமானத் தளங்களில் கியூப் வார்ப்பவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்த தம்பிமார்கள். தாங்கள் வார்த்த கியூப் கூடத்தில் என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. மூன்று அடுக்காக நிரப்பு, அடுக்குக்கு 35 குத்து என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். காற்றுவெளி 1 விழுக்காடு மிஞ்சினால் வலிமை ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொழில்நுட்பர் ஒருவருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுத்து, கூடத்தைத் தமிழில் விளக்கிக் காட்டத் திறந்துவிடலாம். முதல் வாரம் அவர்களே ஒரே கலவையில் ஆறு கியூப் வார்க்கட்டும்: மூன்றை முறையாகக் குத்தி, மூன்றை வெறுமனே கொட்டி மட்டம் தட்டி. மறுநாள் அச்சிலிருந்து கழற்றித் தொட்டியில் போடும் வேலையைத் தொழில்நுட்பர் பார்த்துக்கொள்வார். 28ஆம் நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் வரும், முதலில் 20 கிலோ தராசில் வையுங்கள். சரியான கியூப் 8.1 கிலோவை ஒட்டி இருக்கும், கொட்டியது 7.7 அளவில் நிற்கும். பிறகு இயந்திரத்தில் வைத்து, விசை ஏற்றும் குமிழை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும், இயந்திரத்தின் முன்கதவும், துகள் கூட்ட ஒரு தூரிகையும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொருள் சோதனைத் துறை ஊழியர்கள் சிலர்,
ஜூரோங் வெஸ்ட்